பட்டதும் எழுதியதும்

"என் வாழ்க்கையை எழுதினால் அதுவே ஒரு நாவல்" என்று சொல்லாதவர்கள் நம் குடும்பங்களில் குறைவு. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பெரியம்மா சொல்வார். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் சொல்வார். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை, பட்டவர்கள்தான் சொல்கிறார்கள். சிலர் நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதவும் தொடங்கிவிடுகிறார்கள். எழுதும்போது கண்ணீர் வருகிறது, இரவு தூக்கம் போகிறது. ஆனால் வேண்டியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தால், அவர் "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க" என்கிறார். அதற்கு மேல் அவருக்குள் ஒன்றும் நடக்கவில்லை. எழுதியவருக்கு அந்தப் "பாவம்" போதவில்லை. இது ஏன் இப்படி ஆகிறது என்று இன்று நிதானமாகப் பார்ப்போம். தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள்.

இதில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நாம் பட்ட துன்பமே கதை, அதை நடந்தது நடந்தபடி இறக்கி வைத்தால் போதும், எதையாவது மாற்றினால் பொய்யாகிவிடும் என்பதுதான் அது. நல்ல மனதிலிருந்து வருகிற எண்ணம் இது. நடந்ததற்குத் துரோகம் செய்யக் கூடாது என்ற நேர்மை அதில் இருக்கிறது. ஆகவே அதைத் தள்ளிவிடாமல், கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நம்மை வருத்திய ஒரு சம்பவத்தை நாம் மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருப்போம். பேருந்தில் போகும்போது, அடுப்படியில் நிற்கும்போது, தூக்கம் வராத இரவுகளில். ஒவ்வொரு முறையும் நமக்கு நாமே நியாயம் பேசியிருப்போம். யார் மேல் தவறு, யார் கல்நெஞ்சக்காரர், நாம் எவ்வளவு பொறுத்துக்கொண்டோம் என்பதெல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் காகிதத்தில் முதலில் வந்து விழுவது அந்தத் தீர்ப்புதான். சம்பவம் அதற்குப் பின்னால் எங்கோ மறைந்து நிற்கிறது. முடிந்துபோன தீர்ப்பைப் படிக்கிற வாசகர் தலையாட்டத்தான் முடியும். அவர் உள்ளே வந்து அலைந்து, தயங்கி, தானே ஒரு முடிவுக்கு வர அங்கே இடம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஓர் ஆளைக் கூட அழைத்துக்கொள்வோம். சார்லஸ் டிக்கன்ஸ். ஒரே காயத்தை அவர் முதலில் உள்ளபடி எழுதப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கதையாக எழுதினார். சில ஆண்டுகள் கழித்து அதே காயத்தை வேறொரு கதையாக மறுபடி எழுதினார். மூன்றையும் நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. எழுத்தாளர்கள் விஷயத்தில் இந்த வசதி அபூர்வம்.

1824-ல் டிக்கன்ஸுக்கு 12 வயது. லண்டனில் தேம்ஸ் கரையோரம், எலிகள் ஓடும் ஒரு பழைய கட்டடத்தில் பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் இடம் இருந்தது. அங்கே அவரை வேலைக்கு அனுப்பினார்கள். பாலிஷ் நிரப்பிய குப்பிகளைக் காகிதத்தால் மூடி, நூலால் கட்டி, லேபிள் ஒட்ட வேண்டும். வாரத்துக்கு 6 ஷில்லிங் கூலி. அவர் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில் அப்பா ஜான் டிக்கன்ஸைக் கடனுக்காகப் பிடித்துப் போனார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்குத் தர வேண்டிய சுமார் 40 பவுண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கடனைக் கட்ட முடியாதவரைச் சிறையில் வைப்பார்கள், குடும்பமும் கூடவே போய் அங்கே தங்கலாம். அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் மார்ஷல்ஸீ சிறைக்குக் குடிபோனார்கள். சார்லஸ் மட்டும் வெளியே, வாடகை அறையில். அக்கா ஃபேனி இசைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள், அவள் படிப்பு தொடர்ந்தது. படிப்பில் அவ்வளவு ஆசை வைத்திருந்த பையன் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான்.

சில மாதங்களில் அப்பா விடுதலையானார். அதன் பிறகும் பையன் வேலையில்தான் இருந்தான். ஒருநாள் அப்பாவுக்கும் அந்த இடத்தை நடத்தியவருக்கும் மனஸ்தாபம் வந்து பையனை நிறுத்திவிட்டார்கள். அம்மா போய் சமாதானம் பேசி, அவனைத் திரும்ப அனுப்பப் பார்த்தார். அப்பா மறுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அம்மா தன்னைத் திருப்பி அனுப்ப நினைத்ததை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை.

1840-களில், புகழின் உச்சியில் இருந்தபோது, அவர் இதையெல்லாம் தன்வரலாறாக எழுதத் தொடங்கினார். நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் அந்தப் பக்கங்களைக் கொடுத்தார். பிறகு நிறுத்திவிட்டார். கவனியுங்கள், அப்போதே இருபது வருடங்களுக்கு மேல் ஓடியிருந்தன. காலம் போனால் எழுத வந்துவிடும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது அவர் விஷயத்தில் நடக்கவில்லை. அந்தப் பக்கங்களில் இருப்பவன் இன்னும் 12 வயதுப் பையன். தன்னை யாரும் கவனிக்கவில்லையே என்ற ஆற்றாமை அப்படியே கொதிக்கிறது.

பிறகுதான் 1849-ல் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' மாதத் தொடராக வரத் தொடங்கியது. அதில் டேவிட்டும் சின்ன வயதிலேயே வேலைக்கு அனுப்பப்படுகிறான். பாலிஷ் போய் மதுக் கிடங்கு வந்திருக்கிறது, குப்பிகள் போய் பாட்டில்கள் வந்திருக்கின்றன. ஆனால் அந்த அத்தியாயத்தின் பல வரிகள் தன்வரலாற்றுப் பக்கங்களிலிருந்து ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் எடுத்தவை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அதே வரிகள் அங்கே நின்றுபோயின, இங்கே ஓடுகின்றன. அப்படியானால் மாறியது எது?

மாறியது அந்த வரிகளைச் சுற்றி இருக்கும் ஆட்கள். உண்மையில் டிக்கன்ஸின் அப்பா இரண்டும் சேர்ந்தவர். கடன் வாங்கிக் குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே, பையன் பாடுவதைக் கேட்டுப் பூரித்துப் போனவரும் அவரே. அந்த இரண்டையும் ஒரே ஆளாக வைத்து 12 வயதுப் பையனால் பார்க்க முடியவில்லை. நாவலில் டிக்கன்ஸ் அப்பாவை இரண்டாகப் பிரித்தார். பையனைக் கிடங்குக்கு அனுப்பும் கொடுமை மாற்றாந்தந்தை மர்ட்ஸ்டனிடம் போயிற்று. கடன், ஆடம்பரப் பேச்சு, நாளை எல்லாம் சரியாகிவிடும் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை, இவையெல்லாம் டேவிட் குடியிருக்கும் வீட்டுக்காரர் மிக்காபரிடம் போயின. மிக்காபர் டேவிட்டுக்கு அப்பா இல்லை. ஆகவே அவர் கடனுக்காகச் சிறைக்குப் போகும்போது டேவிட் அவருக்காகப் பரிதாபப்படலாம், சிரிக்கலாம், அன்பு வைக்கலாம். சொந்த அப்பாவைப் பற்றி எழுதிய பக்கங்களில் அந்தச் சிரிப்புக்கு வழியில்லை. உலகம் இன்றும் நேசிக்கிற அந்தப் பாத்திரம், "மாற்றினால் பொய்" என்று டிக்கன்ஸ் நினைத்திருந்தால் பிறந்திருக்காது.

விமர்சகர்கள் இதைக் 'கதைசொல்லியின் தூரம்' என்பார்கள். வாசலில் கோலம் போடுகிறவரைப் பாருங்கள். தம் கால் வைத்திருக்கும் இடத்தில் அவரால் புள்ளி வைக்க முடியாது. வைக்க வேண்டுமானால் காலை நகர்த்தத்தான் வேண்டும். துன்பப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும்வரை அந்த இடம் வெற்றிடமாகத்தான் இருக்கும். பெயரை மாற்றுவது, தன்மையை விட்டுப் படர்க்கையில் எழுதுவது, ஆணைப் பெண்ணாக்குவது, ஓர் ஆளை இருவராகப் பிரிப்பது எல்லாம் காலை நகர்த்துகிற வழிகள். ஒளிந்துகொள்வதற்காக மாற்றுகிறோம் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். தெளிவாகப் பார்ப்பதற்காக மாற்றுகிறோம்.

அம்மா விஷயத்தில் டிக்கன்ஸ் அந்தக் காலை நகர்த்தவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டேவிட்டின் அம்மா மென்மையானவள், பேதை. அவன் கிடங்குக்குப் போகும் முன்பே இறந்துவிடுகிறாள். மகனைத் திருப்பி அனுப்ப நினைத்த அம்மாவுக்கு அந்த நாவலில் இடமே இல்லை. அவர் ஏன் அப்படி நினைத்தார்? வீடு நிறையப் பிள்ளைகள், அப்போதுதான் சிறையிலிருந்து வந்த கணவர், வாரம் 6 ஷில்லிங் அந்த வீட்டில் என்னவெல்லாம் வாங்கியிருக்கும்? இந்தக் கேள்வியை அந்த மேதை அங்கே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்கு இன்னொரு பெரிய பாத்திரம் கிடைத்திருக்கும்.

அப்பா விஷயத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜான் டிக்கன்ஸ் 1851-ல் இறந்தார். 1855-ல் 'லிட்டில் டோரிட்' தொடங்கியது. இம்முறை சிறைக்கு மார்ஷல்ஸீ என்ற உண்மைப் பெயரே. வில்லியம் டோரிட் கடனுக்காக இருபது வருடங்களுக்கு மேல் உள்ளே இருப்பவர். அங்கே பிறந்த மகள் ஏமி வெளியே போய்த் தையல் வேலை செய்து, தன் சாப்பாட்டை மிச்சம் பிடித்து அப்பாவுக்குக் கொண்டுவருகிறாள். பிள்ளைகள் சம்பாதித்துத் தன்னைக் காப்பாற்றுவது தெரியாததுபோலவே அந்த மனிதர் கௌரவமாக வாழ்கிறார். மிக்காபரில் பிரித்து வைத்ததை இங்கே டிக்கன்ஸ் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அன்புக்குரியவரும் பிள்ளையின் உழைப்பைத் தின்பவரும் ஒரே ஆள். எதிர்பாராமல் சொத்து வந்து, விடுதலையாகி, ரோம் நகரத்தில் ஒரு பெரிய விருந்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அவர் மனம் பிசகிவிடுகிறது. பட்டும் நகையுமாக இருக்கும் விருந்தாளிகளைச் சிறைக்கு வந்தவர்களாக எண்ணி வரவேற்றுப் பேசத் தொடங்குகிறார். டிக்கன்ஸ் குடும்பத்தில் இப்படி ஒன்று நடக்கவில்லை. ஆனாலும் 12 வயதில் அவர் கண்ட அப்பாவைப் பற்றி அவர் எழுதியதில் இதைவிட உண்மையான பக்கம் வேறில்லை என்பேன்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். நம்மில் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்ததாக வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பில் ஃபீஸ் கட்டவில்லை என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அதே பள்ளியில் பத்தாவது படித்த அண்ணனுக்குக் கட்டியாகிவிட்டது. வருடங்கள் கழித்து அவர் எழுத உட்கார்ந்தால் முதல் வரி பெரும்பாலும் இப்படி வரும்: "அன்று நான் அடைந்த அவமானத்தைச் சொல்ல வார்த்தைகள் இல்லை." இது சுருக்கம். நடந்ததன் முடிவை மட்டும் அறிவிக்கிறது.

இதைக் காட்சியாக எழுதலாம். காட்சி என்றால் வாசகரையும் அந்த வராந்தாவில் நிறுத்துவது. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம். பட்டியலைப் படித்த டீச்சர் இவள் பெயர் வந்தபோது நிமிர்ந்து பார்க்காதது. மணி அடிக்கப் போகிற ப்யூன் இவளைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடந்தது. அவமானம் என்ற சொல்லே வேண்டியதில்லை, வாசகருக்கே முகம் சுடும். இந்த அளவு நல்ல கட்டுரையாளர்களும் செய்வார்கள்.

கதை அடுத்த படியில்தான் தொடங்குகிறது. இதே சம்பவத்தை அண்ணன் கண்ணால் எழுதினால்? அவன் ஏதோ வேலையாக அந்த வராந்தா வழியே வருகிறான். தங்கை நிற்பதைப் பார்த்துவிடுகிறான். முந்தின இரவு அம்மா டப்பாவைத் திறந்து பணத்தை எண்ணியதும், ஒருவருக்குத்தான் வரும் என்று அப்பாவிடம் சொன்னதும், பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்த அவனுக்குக் கேட்டிருக்கிறது. இப்போது அவன் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறான். தங்கை அவனைப் பார்க்கிறாள். அவன் நிமிரவில்லை. இதை எழுதும் பெண்மணி இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட அண்ணனின் அந்த நாளை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். பாயில் படுத்திருந்தது அவர் கற்பனை செய்தது. அந்தக் கற்பனைக்காகத்தான் அவர் முதல்முறையாகத் தன் வலியை விட்டு அந்த வீட்டைப் பார்க்க நேர்ந்தது.

இதற்கு அர்த்தம் எல்லோரையும் மன்னித்துவிட வேண்டும் என்பது அல்ல. கொடுமை செய்தவருக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கும் கடமை எழுதுபவருக்குக் கிடையாது. அண்ணன் கோழையாகவே கதையில் இருக்கலாம். ஆனால் எப்படிப்பட்ட கோழை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில அனுபவங்களுக்குக் கதையின் வழி பொருந்தாது, சாட்சியம்தான் வேண்டும். 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு' போன்ற தன்வரலாற்று எழுத்தின் வலிமையே, இது ஒருவர் மீது உண்மையில் நடந்தது என்ற உறுதிமொழியில் இருக்கிறது. அந்த உறுதியைக் கொடுத்துவிட்டு மாற்றினால் அது தவறு. கதை அந்த உறுதியை வாசகருக்குக் கொடுப்பதில்லை. எந்த உறுதியைக் கொடுக்கிறோம் என்று எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

சிலருடைய வாழ்வில் நடந்தது நம்பக்கூடியதாகவே இருக்காது. எபிரேய எழுத்தாளர் அஹரோன் அப்பெல்ஃபெல்ட் சிறுவனாக இருக்கும்போது அவர் தாயை நாஜிகளின் பக்கம் நின்றவர்கள் கொன்றார்கள். முகாமிலிருந்து தப்பி, உக்ரைன் காடுகளில் தனியாக அலைந்து உயிர் பிழைத்தவர் அவர். அதைத் தன் கதையாகவே பலமுறை எழுதிப் பார்த்துத் தோற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். உள்ளபடி எழுதினால் அது இட்டுக்கட்டியதுபோல இருந்ததாம். பிறகு 'ட்ஸிலி' என்ற நாவலில் தன் இடத்தில் ஒரு சிறுமியை வைத்தார். மந்த புத்தி என்று வீட்டாரே ஒதுக்கி, ஓடும்போது விட்டுவிட்டுப் போன கடைசிப் பெண். அவள் அவர் அல்ல என்று ஆனதும், எது தேவை, எது தேவையில்லை என்று அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது. தனக்கு நடந்ததில் எதையும் விட மனம் வராது, அடுத்தவருக்கு நடந்ததில் விட முடியும்.

நம் மொழியில் இந்த வகையில் எனக்கு மிகவும் பிரியமான நாவல் எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. 1993-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கும்பகோணத்துக்காரரான அவர் காதுகளில் இல்லாத குரல்கள் வருடக்கணக்கில் கேட்டன, எழுத்தையும் வாழ்க்கையையும் குலைத்தன. நாவலில் அது மகாலிங்கம் என்ற முருக பக்தனுக்கு நடக்கிறது. இதில் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர் "நான் எவ்வளவு அவதிப்பட்டேன்" என்பதில் நின்றுவிடாமல், வதைத்த அந்தக் குரல்களுக்கே பேச இடம் கொடுத்தார். அவை ஏசுகின்றன, எகத்தாளம் பண்ணுகின்றன, அசிங்கமாகப் பேசுகின்றன. தன்னை வதைத்ததற்குப் பாத்திரமாகும் உரிமையைக் கொடுப்பது சாதாரணத் துணிவு இல்லை.

எழுதினால் மனம் ஆறுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்களை 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்வின் மிகக் கசப்பான அனுபவத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது. ஆனால் நடந்ததோடு தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிற்பாடு நடந்த ஆய்வுகளில், 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடிவந்தவர்களுக்குப் பலன் அதிகம் என்று தெரிந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியதுதான். அது வாசகர் இல்லாத எழுத்து என்பதையும் மறக்கக் கூடாது. நோட்டில் கொட்டி எழுதுவது மிக நல்லது, செய்யுங்கள். கதை அந்த நோட்டிலிருந்து எடுக்க வேண்டிய ஒன்று.

டிக்கன்ஸுக்கு ஆறவில்லை என்றே நினைக்கிறேன். கடைசிக் காலத்தில் ஒரு கிறிஸ்துமஸ் சமயம், பிள்ளைகளோடு ஞாபக விளையாட்டு விளையாடினார். ஒருவர் சொன்னதை அடுத்தவர் திரும்பச் சொல்லி, தானும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர் முறை வந்தபோது அந்த பாலிஷ் தயாரிப்பாளர் பெயரையும் விலாசத்தையும் சேர்த்துச் சொன்னார். குரல் ஒரு மாதிரியாக இருந்ததாக மகன் ஹென்றி பிற்பாடு எழுதியிருக்கிறார். அது என்னவென்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. 1870-ல் அவர் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகத்துக்கே தெரிந்தது. இரண்டு மகத்தான நாவல்கள் எழுதியும் அந்த விலாசம் அவருக்குள் அப்படியே இருந்தது. நாவல்கள் நமக்குப் பயன்பட்டன.

கடைசியாக, நம் கதைக்குள் வந்துவிடும் மனிதர்கள். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம், ஆனால் சொந்தக்காரர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளின் தொழில், அவர் பேசும் விதம், அவருக்குக் கதையில் நேரும் முடிவு வரைக்கும் மாற வேண்டும். அப்படி மாற்றும்போது பாத்திரமும் பலப்படும். டிக்கன்ஸ் இதில் நமக்கு வழிகாட்டி இல்லை. பாலிஷ் தயாரித்த இடத்தில் அவரோடு வேலை செய்த பாப் ஃபேகின் என்ற பையன்தான் அவருக்கு நூலைக் கட்டவும் முடிச்சுப் போடவும் சொல்லிக் கொடுத்தான். ஒருநாள் விலாவில் வலி வந்து துடித்தபோது வெந்நீர் நிரப்பிய குப்பிகளை ஒத்தடமாக வைத்து, அரை நாள் பார்த்துக்கொண்டான். சாயங்காலம் வீடுவரை கொண்டுவிடுகிறேன் என்று பிடிவாதமாகக் கூடவே நடந்தான். அப்பா சிறையில் இருப்பது தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்ட சார்லஸ், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று இதுதான் என் வீடு என்று அவனை அனுப்பிவைத்தார். பிற்பாடு 'ஆலிவர் ட்விஸ்ட்'டில், பிள்ளைகளைத் திருடப் பழக்கும் கிழவனுக்கு அவர் வைத்த பெயர் ஃபேகின். தன்னை அந்த உலகத்தோடு சேர்த்துவிடுமோ என்று பயந்த அன்பு அவருக்கு அப்படி மாறித் தெரிந்திருக்கலாம். அந்தக் கிழவனுக்கு வேறு எந்தப் பெயரை வைத்திருந்தாலும் நாவல் இம்மியும் குறைந்திருக்காது.